முகிலுக்குள் குறுணி

திருகோணமலையில் ஐஸ் என்றால் மீன் ஐஸ்தான். விடியற்காலையில் வள்ளங்கள் வந்து சேரும் இடத்தில், சாக்கில் சுற்றிவைத்த பாளத்தைக் கட்டையால் அடித்து நொறுக்கி, பாரைக்கும் சூரைக்கும் மேலே அள்ளிக் கொட்டுவார்கள். மற்றபடி உறைபனி எங்களுக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி. தை மாதத்து வாடைக்கே போர்வை தேடுகிறவர்கள் நாங்கள். ஆனால் அதே மீன்காரர்கள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், தலைக்கு நேர் மேலே ஏறத்தாழ 5 கிலோமீற்றரில், வருடம் முழுவதும், நீர் உறைகிற குளிர். பட்டணத்திலிருந்து உப்புவெளிக்குப் போகிற தூரம்தான். சைக்கிளை நிமிர்த்தி மேலே மிதிக்க முடிந்தால் அரை மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம்.

இடிமின்னல் பிறப்பது அந்த எல்லைக்கு மேலே. முகிலும் முகிலும் முட்டுவதால் இடி இடிக்கிறது என்று சிறுவயதில் கேட்டு வளர்ந்தோம். முட்டல் நடப்பது மெய்தான். முட்டிக்கொள்வது முகிலுக்குள் இருக்கும் ஐஸ் மணிகள்.

கச்சான் காலத்தில் இதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு வரும் காற்று, இங்கே வறண்டு, சூடாக வீசும். மத்தியானத்துக்குப் பிறகு கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து கடற்காற்று உள்ளே நுழையும். இரண்டும் வயல்வெளிகளுக்கு மேலே எதிர்ப்படும் நாட்களில் காற்றுக்கு உயரே போவதைத் தவிர வழியில்லை. மூன்று மணிக்குப் பூக்கோவா போல ஒரு முகில் எழும்பும். அதன் விளிம்பைக் கவனியுங்கள்: கத்தியால் வெட்டியதுபோல் துல்லியமாக இருக்கும். அது நீர்த்துளிகளாலான முகில். இன்னும் கொஞ்சம் நேரம் பொறுத்துப் பார்த்தால் உச்சி மட்டும் மங்கிக் கலைந்து, பஞ்சைப் பிய்த்ததுபோல் நார்நாராகி, கொல்லன் அடைகல் மாதிரித் தட்டையாகப் பரவும். விளிம்பு மங்கும் அந்த நேரத்தில்தான் மேலே நீர் ஐஸாகிக்கொண்டிருக்கிறது. முதல் முழக்கம் பெரும்பாலும் அதற்குப் பிறகு அதிக நேரம் காக்கவைக்காது.

ஏன் 5 கிலோமீற்றரிலேயே எல்லாம் உறைந்துவிடுவதில்லை? பூச்சியப் பாகையில் நீர் உறையும் என்று பள்ளியில் படித்தது பாத்திரத்து நீருக்குச் சரி. முகிலின் துளி தலைமயிரைவிட மெல்லியது. தொற்றிக்கொள்ள ஒரு களிமண் துகளோ, சிலவகை பற்றீரியாவோ கிடைக்காவிட்டால் அது −38 பாகை செல்சியஸ் வரைகூட நீராகவே கிடக்கும். 1946 யூலையில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில், வின்சன்ட் ஷேஃபர் கறுப்பு வெல்வெட் விரித்த ஒரு குளிர்ப்பெட்டிக்குள் மூச்சை ஊதிச் சின்ன முகில் உண்டாக்கிக்கொண்டிருந்தார். பெட்டி உறைநிலைக்கு எவ்வளவோ கீழே; முகிலோ உறைய மறுத்தது. வெக்கையான நாள், பெட்டியை இன்னும் குளிரவைப்போம் என்று ஒரு துண்டு உலர்பனியைப் போட்டார். அந்தக் கணமே ஒளிக்கற்றைக்குள் எண்ணற்ற ஐஸ் பளிங்குகள் மினுங்கின. நவீனச் செயற்கை மழை முயற்சிகள் பெரும்பாலும் அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பியவை.

ஆகவே எங்கள் பின்நேர முகிலின் நடுப்பகுதியில், ஏறத்தாழ −10 முதல் −25 பாகை வரை, மூன்று வகையும் ஒன்றாகக் கிடக்கின்றன: உறையாத துளிகள், பூஞ்சையான ஐஸ் பளிங்குகள், பளிங்கின்மேல் துளிகள் ஒட்டி ஒட்டி உறைந்து உருண்ட வெள்ளைக் குறுணி. குருணல் அரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். இனி நடப்பது களத்தில் நெல் தூற்றுகிற வேலை. கனமான குறுணி விழப் பார்க்கும். பளிங்குகளை மேலெழும் காற்று தூக்கிப்போகும். போகிற வழியில் உரசி விலகும்போது குறுணி மறையேற்றத்தையும் பளிங்கு நேரேற்றத்தையும் எடுத்துக்கொள்கின்றன. சண்டுபோல் பளிங்கு உச்சிக்குப் போக, நெல்போல் குறுணி நடுவில் சேர, முகில் இரண்டு முனையுள்ள மின்கலமாகிவிடுகிறது.

யப்பானியரான சுடோமு தகாஹாஷி இதைக் குளிரறைக்குள் செய்து பார்த்தார். 1978இல் முடிவை வெளியிட்டார். பளிங்குகளுக்கும் உறையாத துளிகளுக்கும் நடுவே ஐஸ் படிந்த கம்பியைச் சுழற்றியபோது, −10 பாகைக்கு மேற்பட்ட இளங்குளிரில் கம்பி நேரேற்றம் பெற்றது; அதற்குக் கீழே போனதும் பெரும்பாலும் மறையேற்றத்துக்கு மாறியது. துளிகள் இல்லாமல் வெறும் பளிங்கு மட்டும் மோதினால் ஏற்றம் மிகச் சொற்பம். ஐஸின் மேற்தோலில் அந்தக் கணத்தில் என்ன கைமாறுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. சூரியனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு, 30,000 பாகை அளவுக்குக் கொதிக்கும் ஒரு கீற்றுக்கு ஐஸின் உரசல்தான் தாய் என்பதில் மட்டும் பெரிய சச்சரவு இல்லை.

மழைக்கு முன் சட்டென்று ஒரு குளிர்காற்று முகத்தில் அடிக்குமே, அதில் ஒரு பங்கு இந்தக் குறுணியின் வேலை. விழும்போது உருகி, உருகுவதற்கான சூட்டைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து உறிஞ்சுகிறது. விழும் துளிகள் ஆவியாவதும் சேர்ந்து காற்றைக் கனமாக்கிக் கீழே தள்ளுகின்றன. பிறகு முதுகில் சுளீரென்று விழும் முதல் பெரிய துளிகள், சில நிமிடங்களுக்கு முன் ஐஸாக இருந்தவை.

மார்கழி மாரியில் இந்தக் கூத்து குறைவு. வாடையோடு கடலிலிருந்து வரும் முகில்கள் இரவெல்லாம் பெய்யும், முற்றம் குளமாகும், ஒரு முழக்கம்கூடக் கேட்காது. உயரம் போதாத முகிலில் துளியோடு துளி சேர்ந்தே மழையாகிவிடுகிறது. குறுணிக்கு அங்கே இடமில்லை. 2020 டிசம்பர் 2 இரவு குச்சவெளிக்கும் திரியாயுக்கும் இடையே கரைகடந்த புரெவிபோன்ற புயல்களிலும், மழையின் அளவுக்கு மின்னல் பொதுவாக இருப்பதில்லை. இலங்கை முழுவதையும் பார்த்தால் மின்னல் மாதங்கள் பங்குனி சித்திரையும் ஐப்பசி கார்த்திகையும்தான்.

கப்பல் பார்த்து வளர்ந்த எனக்கு இதிலெல்லாம் மிகப் பிடித்தது கப்பற்புகைக் கதை. தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே வரும் பெரும் கப்பற்பாதை, அங்கிருந்து கிழக்கே மலாக்கா நீரிணையை நோக்கி ஏறக்குறைய நேர்கோடாகப் போகிறது. 2005 முதல் 2016 வரையான மின்னல் பதிவுகளை வோஷிங்டன் பல்கலைக்கழகத்தார் வரைபடமாக்கியபோது, அதே கோடு மின்னலாலும் வரையப்பட்டிருந்தது. பாதைக்கு மேலே மின்னல் அக்கம்பக்கக் கடலைவிட ஏறத்தாழ இரு மடங்கு. புகையிலுள்ள கந்தகத் துகள்கள்மேல் நீராவி படிகிறது. துகள் பெருகினால் அதே நீர் மேலும் பல சின்னத் துளிகளாகப் பங்குபோகும். சின்னத் துளி சுலபத்தில் மழையாகிக் கொட்டாது. மேலே போய் உறையும். ஐஸ் கூடினால் உரசல் கூடும். 2020 ஜனவரியில் கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் உச்ச அளவை 3.5 வீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். அதன்பின் சிங்கப்பூர்ப் பக்கத்துப் பாதையில் மின்னல் ஏறக்குறைய பாதியாகியது.

அந்தப் பாதை எங்களுக்கு 300 கிலோமீற்றர் அளவுக்குத் தெற்கே. கப்பல் தெரியாது. ஆனால் 15 கிலோமீற்றர் உயர்ந்த முகிலின் உச்சி, பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தாலும் 400 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து கண்ணுக்கு எட்டும். கோணேசர் மலையில் இருட்டிய பின் தென்கிழக்கே அடிவானத்தில் சிலவேளை ஒரு துடிப்புத் தெரியும். வழக்கம்போல் செக்கனை எண்ணத் தொடங்குவேன், கிலோமீற்றருக்கு மூன்று என்று. இடியோசை இருபது இருபத்தைந்து கிலோமீற்றரைத் தாண்டிக் கேட்பது அபூர்வம் என்று தெரிந்தும்.