கார் நின்ற இடத்தில் சிவப்புச் சொட்டு... ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் லீக்கை அலட்சியப்படுத்தாதீர்கள்!

காரை வெளியே எடுத்த பிறகு, போர்ட்டிகோ தரையில் சிவப்பாக ஒரு சொட்டு. 'ஏதோ ஆயில்தானே, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்' என்று துடைத்துவிட்டுக் கிளம்புபவர்கள் பலர். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் அப்படிக் கிளம்பக் கூடாது. கியர்பாக்ஸில் ஆயில் குறைந்த நிலையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால், ஒரு ரப்பர் சீலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கியர்பாக்ஸையே இறக்கிப் பிரிக்கும் வேலையாகிவிடும். பழைய காராக இருந்தால், அந்தச் செலவுக்குப் பயந்து காரையே விற்றுவிடும் நிலைகூட வரும்.

2014-ல் மாருதி செலெரியோ ஏ.எம்.டி கியர்பாக்ஸுடன் வந்த பிறகுதான், ஆட்டோமேட்டிக் என்பது நடுத்தரக் குடும்பத்தின் பட்ஜெட்டுக்குள் இறங்கியது. கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் வலி கண்டவர்கள், புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள், தினமும் டிராஃபிக்கில் ஊர்ந்து ஆபீஸ் போகிறவர்கள் எனப் பலரும் இதற்கு மாறினார்கள். ஓட்டுவது சுலபமாகிவிட்டது. ஆனால், உள்ளே இருக்கும் ஆயிலைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை.

ஆயில் அங்கே என்ன செய்கிறது?

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலின் முக்கிய வேலை, பற்சக்கரங்கள் தேயாமல் காப்பது. டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் அதற்கு மூன்று நான்கு வேலைகள். இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? இன்ஜினின் சக்தி கியர்பாக்ஸுக்குப் போவதும் அப்படித்தான். காற்றுக்குப் பதில் அங்கே ஆயில். கியர் மாற உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே ஆயிலின் அழுத்தம்தான். சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான்.

அளவு குறைந்தால், உள்ளே இருக்கும் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அழுத்தம் விழும். கிளட்ச் தட்டுகள் சரியாகப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் தட்டுகள் கருகும். 'பி'யிலிருந்து 'டி'க்கு மாற்றியதும் வண்டி நகரத் தாமதிப்பது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமி வண்டி இழுக்காமல் இருப்பது, கியர் மாறும்போது ஜெர்க் அடிப்பது, கருகல் வாடை... இவையெல்லாம் இந்தக் கட்டத்தின் அறிகுறிகள்.

சொட்டுவது எந்த ஆயில்?

காரின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை ஓர் இரவு விரித்து வையுங்கள். நிறமும் இடமும் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

* நிறமே இல்லாத தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏ.சி தண்ணீர். கவலை வேண்டாம்.
* பழுப்பு அல்லது கறுப்பு என்றால் இன்ஜின் ஆயிலாக இருக்கலாம்.
* பச்சையோ, இளஞ்சிவப்போ, தண்ணீர் போல ஓடி, இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட்.
* சிவப்பாக, வழவழப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் என்று சந்தேகிக்கலாம்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. சில கார்களில் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சிவப்புதான். சில சி.வி.டி ஆயில்கள் பச்சையாக இருக்கும். பழசாகிவிட்டால் சிவப்பும் பழுப்பாகிவிடும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல், எங்கிருந்து கசிகிறது என்பதைப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

கசியும் இடங்கள்

கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் பேன் கேஸ்கெட், டிரெய்ன் பிளக்கின் வாஷர், ஆயிலைக் குளிர்விக்கக் கொண்டுபோகும் கூலர் ஹோஸ்கள், சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் வெளியேறும் இடத்திலுள்ள ஆயில் சீல், வயரிங் கனெக்டரின் ரப்பர் வளையம். வழக்கமாகச் சந்தேகப்பட வேண்டியவை இவை. இவற்றை கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றிவிடலாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டினால், முன்பக்க பம்ப் சீலாக இருக்கலாம். அதற்கு கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். சீலின் விலை குறைவு, கூலிதான் அதிகம்.

ஓடும்போது காற்று அடிப்பதால் ஆயில் பின்னோக்கிப் பரவிவிடும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. நல்ல மெக்கானிக் முதலில் அடிப்பகுதியைச் சுத்தமாகக் கழுவித் துடைப்பார். சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடி பார்ப்பார். அப்படியும் பிடிபடவில்லை என்றால், புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து தேடுவார். கியர்பாக்ஸ் 'மூச்சு விடும்' பிரீதர் துளையையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் கசிய வைத்துவிடும். சீல் மாற்றியும் லீக் திரும்ப வரும்.

இறுக்கினால் நிற்குமா?

பேன் போல்ட்டுகளை இன்னும் ஒரு சுற்று இறுக்குவது பலரும் செய்யும் தவறு. அவை சின்ன போல்ட்டுகள். அதிகம் இறுக்கினால் பேனின் விளிம்பு வளைந்து, கசிவு கூடிவிடும். புது கேஸ்கெட் போட்டு, கம்பெனி சொன்ன அளவில் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவதே சரி. பேனைக் கழற்றும்போது அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம். உலோகத் துண்டுகள் கிடந்தால் விஷயம் லீக்கோடு நிற்கவில்லை.

லீக்கை நிறுத்தும் என்று விற்கப்படும் பாட்டில் மருந்துகள், இறுகிப்போன ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும். கிழிந்த சீலை அவை ஒட்டாது. தற்காலிகத் தீர்வுதான்.

எந்த ஆயில், எவ்வளவு?

1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்த ஆயிலில் ஸ்பெர்ம் வகைத் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். அதற்குத் தடை வந்ததும், மாற்று ரசாயனம் தேட வேண்டியிருந்தது. கிளட்ச் தட்டு எவ்வளவு பிடிக்க வேண்டும், எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதையே தீர்மானிக்கும் நுட்பமான கலவை இது. டார்க் கன்வெர்ட்டர் ஆயிலை சி.வி.டி-யில் ஊற்றக் கூடாது. ஏ.எம்.டி என்பது மேனுவல் கியர்பாக்ஸுக்குத் தானியங்கிக் கை பொருத்தியது போன்றது. அதற்கு வேறு ஆயில். ஓனர்ஸ் மேனுவலில் எழுதியிருக்கும் வகையைத் தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள்.

அளவு பார்ப்பதும் இன்ஜின் ஆயில் போலல்ல. டிப்ஸ்டிக் உள்ள பல கார்களில், சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. அடியிலுள்ள பிளக்கைத் திறந்து, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது அளவை உறுதிசெய்வார்கள். கூடுதலாக ஊற்றினாலும் ஆபத்து. நுரைத்து, அழுத்தம் விழும்.

மழை வெள்ளத்துக்குப் பிறகு...

2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் கார்கள் மூழ்கியது நினைவிருக்கும். கியர்பாக்ஸ் மூழ்கினால் பிரீதர் வழியே தண்ணீர் உள்ளே போகலாம். ஆயில் ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக் போல இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையானாலும் இதே நிலைதான். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

வழியில் லீக் அதிகமானால் ஓரம் கட்டிவிடுங்கள். சூடான சைலன்சர் குழாயில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் வண்டியே பாதுகாப்பு. வீட்டில் வெறும் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள்.

வேலை முடிந்து காரை எடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்த இடத்தில் லீக், எந்த ஆயில் ஊற்றினீர்கள், எத்தனை லிட்டர்? மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பிறகு ஒரு வாரம், தினமும் அந்த வெள்ளை அட்டையைப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால், வேலையும் சுத்தம்!