எடுத்த பணியை முடிக்கும் கல்வி

புத்தூர் என்றதும் தமிழர்க்கு முதலில் நினைவுக்கு வருவது எலும்பு முறிவுக் கட்டுதான். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் நகரியைத் தாண்டியதும் வரும் இவ்வூரில் இன்று பொறியியல் கல்லூரிகளும் உள்ளன. தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் சுற்றுவட்டாரக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அவற்றில் பயில்கின்றனர். நிலத்தையோ நகையையோ நம்பியும், கல்விக்கடன் பெற்றும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் எதிர்பார்ப்பது ஒன்றே: ஒப்படைத்த வேலையைக் குறித்த காலத்தில், குறித்த செலவில் முடிக்கும் திறனோடு பிள்ளை வெளிவர வேண்டும். அத்திறனுக்குத்தான் திட்ட மேலாண்மை என்று பெயர்.

இறுதியாண்டில் மாணவர் நால்வர் சேர்ந்து ஒரு திட்டப்பணி செய்யவேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளில் உள்ள வழக்கம். முதல் மூன்று மாதம் தலைப்பைத் தேடுவதிலேயே கழியும். கடைசி மூன்று வாரம் இரவு பகலாக ஓடும். ஒருவர் உழைக்க, மற்றவர் அறிக்கையைக் கட்டமைத்துக் கொடுப்பதும் உண்டு. இங்குக் குறைவது பாட அறிவன்று. வேலையைப் பகுத்து, வரிசைப்படுத்தி, பொறுப்பைப் பங்கிடும் பயிற்சியே.

இந்தியா 2014 ஜூன் மாதம் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினராயிற்று. அதையொட்டித் தேசிய மதிப்பீட்டு வாரியம் கையாண்டுவந்த பன்னிரண்டு தகுதிகளின் பட்டியலில் பதினோராவது, திட்ட மேலாண்மையும் நிதியும் ஆகும். கணிதத்துக்கும் இயந்திரவியலுக்கும் நிகராக இதுவும் பொறியாளரின் தகுதியென ஏற்கப்பட்டுவிட்டது. ஆயினும் அதனைக் கரும்பலகையில் மட்டும் கற்பித்துவிட முடியாது.

வீடு கட்டியவர்கள் இதன் அடிப்படையை அறிவார்கள். வங்கி வீட்டுக்கடனை ஒரே தவணையில் தருவதில்லை. அடித்தளம், சுவர், கூரை என வேலை முன்னேற முன்னேறத் தருகிறது. கூரை வார்த்தபின் குறைந்தது ஏழு நாளேனும் நீர்விட்டு ஆறவைக்க வேண்டும். அந்நாள்களைச் சுருக்க இயலாது. ஆனால் அதே நாள்களில் கதவு, சன்னல்களுக்குச் சொல்லிவைக்கலாம். எது தாமதித்தால் முழு வேலையும் தாமதிக்கும், எது சற்றுத் தாமதித்தாலும் பாதகமில்லை என்று பிரித்தறிவதே 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவான ‘கிரிட்டிகல் பாத்’ முறையின் சாரம்.

மாணவர் திட்டங்களில் இதற்கு நல்ல சான்று, மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் உருவாக்கிய ‘பிரதம்’ செயற்கைக்கோள். 2007இல் தொடங்கிய அப்பணி, 2016 செப்டம்பர் 26 அன்று பி.எஸ்.எல்.வி. சி-35 ஏவுகலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பியபோதுதான் நிறைவுற்றது. இடைப்பட்டவை ஒன்பது ஆண்டுகள். பட்டப்படிப்போ நான்கே ஆண்டு. தொடங்கியவர்கள் படிப்பை முடித்துச் சென்றபின்னும் வேலை நிற்கவில்லை என்றால், ஒவ்வோர் அணியும் தான் செய்ததை எழுதிவைத்து அடுத்த அணியிடம் ஒப்படைத்தது என்றே பொருள். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பெரிதும் வேண்டப்படும் பழக்கம் இதுவே.

அதே ஸ்ரீஹரிகோட்டா இன்று புத்தூரைப் போலவே திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. 1979 ஆகஸ்ட் 10 அன்று அங்கிருந்து எழும்பிய எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். செய்தியாளர்முன் பொறுப்பை ஏற்றவரோ இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோது, செய்தியாளர்களிடம் பேசுமாறு அவர் கலாமை அனுப்பினார். இதனைக் கலாம் பிற்காலத்தில் மாணவர் கூட்டங்களில் பலமுறை எடுத்துரைத்தார். அட்டவணையும் வரைபடமும் வேண்டுவனவே. ஆனால் தோல்வியைத் தாங்கும் தலைமை இல்லாத அணியில் எவரும் குறையை முன்கூட்டிச் சொல்லத் துணியமாட்டார்.

புத்தூர் வட்டாரத்திலேயே இதனைப் பயில இடமுண்டு. இங்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. சித்தூர்ப் பகுதியில் மாங்கூழ் ஆலைகள் இயங்குகின்றன. ஆலைக்குப் பழத்தைத் தரம்பிரிக்க எளிய கருவியொன்று செய்ய நான்கு மாணவர் முன்வருவதாகக் கொள்வோம். மாம்பழப் பருவம் மே மாதத்தில் தொடங்கிவிடும்; அது எவருக்காகவும் காத்திராது. ஆகவே ஏப்ரலில் கருவி ஆலையில் ஓடிப்பார்க்க வேண்டும்; அதற்கு மார்ச்சில் பாகங்கள் பொருத்தப்பட வேண்டும்; அதற்கு ஜனவரியில் பொருள்கள் வாங்கப்பட வேண்டும். இவ்வாறு முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும்போது, டிசம்பரில் வீணாகும் ஒரு வாரத்தின் விலை மாணவர்க்குத் தானே புலப்படும். வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் ரசீது, எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிய ஒரு பகுதி, வாரந்தோறும் ஆசிரியர்முன் அரைமணி நேர ஆய்வு ஆகியவை போதும். மதிப்பெண்ணில் ஒரு பங்கை இந்நடைமுறைக்கே ஒதுக்கினால், கருவி முழுவதும் ஓடாவிடினும் கற்றது வீணாகாது.

பெற்றோரும் இதில் துணைநிற்கலாம். விடுமுறையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் மதிப்பெண்ணை மட்டும் கேட்காமல், “உன் திட்டப்பணியில் உன் பொறுப்பு எது? அது எந்தத் தேதிக்குள் முடியவேண்டும்? இதுவரை எவ்வளவு செலவாயிற்று? எங்கே தடைபடக்கூடும்? நீ வராத நாளில் அவ்வேலையை யார் பார்ப்பார்?” என்று கேட்டுப் பாருங்கள். இவ்வைந்துக்கும் தயங்காமல் விடைசொல்லும் மாணவர், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே நம்பிக்கைக்குரியவர் எனப் பெயரெடுப்பார். கல்விக்கடனின் தவணையும் காலந்தவறாமல் வந்துசேரும்.