தீயணைத்த செலவு யாரைச் சேரும்?

நுழையும்முன்

ஓரிடத்தில் தீப்பற்றினால் தீயணைப்பு வீரர்கள் விரைந்து வருகின்றனர். அப்பணிக்கான செலவை மக்களின் வரிப்பணமே பெரும்பாலும் தாங்குகிறது. அச்செலவு ஒருவர் செய்த குற்றத்தால் நேர்ந்தது என்றால், அதனை யார் ஏற்பது முறை?

பாடம்

அமெரிக்க நாட்டின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் ஈகிள் கிரீக் என்னும் அடர்ந்த காட்டுப்பகுதி உள்ளது. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் நண்பர்களுடன் அங்குச் சென்றான். கோடையில் காய்ந்து கிடந்த பள்ளத்தாக்கில் பட்டாசு ஒன்றைக் கொளுத்தி எறிந்தான். விளையாட்டாக எறிந்த அப்பட்டாசு காட்டுத்தீயை மூட்டியது.

மலைப்பாதையில் நடந்து சென்ற நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் வழியின்றிக் காட்டிலேயே இரவைக் கழித்தனர், மறுநாளே மீட்கப்பட்டனர். அருகிலிருந்த ஊர்மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். நெடுஞ்சாலை மூடப்பட்டது. ஏறத்தாழ 48,000 ஏக்கர் பரப்பு தீக்கிரையானது.

சிறுவன் தன் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். 1,920 மணிநேரம் பொதுத்தொண்டு செய்யுமாறு அவன் பணிக்கப்பட்டான். பின்னர் 2018ஆம் ஆண்டு மே மாதம், 3 கோடியே 66 இலட்சம் டாலர் இழப்பீடு செலுத்தவும் நீதிபதி ஆணையிட்டார். அத்தொகையில் பெரும்பகுதி வனத்துறைக்கும் மாநிலப் போக்குவரத்துத் துறைக்கும் உரியதாகும்.

ஒரு சிறுவன்மீது இத்துணைப் பெருந்தொகையைச் சுமத்துவது முறையன்று என அவனுடைய வழக்குரைஞர் வாதிட்டார். இழப்பீடு நேர்ந்த இழப்பினும் மிகுதியாக இல்லை என்பது நீதிபதியின் கருத்து. எனினும் தவணைமுறையில் செலுத்த அவர் இசைந்தார். பத்தாண்டுகள் தவறாது செலுத்தி, வேறு குற்றம் புரியாதிருந்தால், எஞ்சிய தொகையிலிருந்து அவன் விடுபடவும் வழிவகுத்தார்.

கலிஃபோர்னியா மாநிலத்திலும் இத்தகைய சட்டம் உண்டு. மது அருந்தி வாகனம் ஓட்டி விபத்து விளைவித்தவர், அவசர உதவிக்கான செலவை ஈடுசெய்தல் வேண்டும். ஆயினும் ஒரு நிகழ்வுக்கு 12,000 டாலருக்கு மேல் அவரிடம் பெற இயலாது.

பொதுப்பணம் மக்கள் அனைவரின் உழைப்பு. குற்றத்தால் நேர்ந்த செலவைக் குற்றவாளியே ஏற்பது நேர்மையானது. ஆனால், உண்மையான ஆபத்தில் உதவி நாடுவோர் செலவுக்கு அஞ்சித் தயங்கும் நிலை வருதல் கூடாது. ஆகவே குற்றம் உறுதியான பின்னரே இழப்பீடு கேட்டல் வேண்டும். அத்தொகை திருந்தி வாழும் வழியை அடைத்துவிடாமலும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதே அறம்.

சொல்லும் பொருளும்

தீக்கிரையானது – தீயில் எரிந்து அழிந்தது
இழப்பீடு – இழப்பை ஈடுசெய்யத் தரும் தொகை
இசைந்தார் – உடன்பட்டார்

வினாக்கள்

1. காட்டுத்தீயால் மக்களுக்கு நேர்ந்த துன்பங்கள் யாவை?
2. இழப்பீட்டைச் செலுத்த நீதிபதி வகுத்த வழி யாது?
3. அத்தீர்ப்பு நேர்மையானதா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.