எலுமிச்சையால் முடிந்ததும் முடியாததும்

பீர்மேட்டுக்கு மீன் மேற்கிலிருந்து வருகிறது. காய்கறி கிழக்கிலிருந்து வருகிறது. கடற்கரையில் ஐஸ் போட்டு அடைத்த பெட்டிகள் கோட்டயம், முண்டக்கயம் வழியாக வளைவு வளைவாக ஏறி, குட்டிக்கானத்தைத் தாண்டி வந்து சேரும். கம்பம், தேனிப் பக்கத்துத் தக்காளியும் வெங்காயமும் குமுளி மலைப்பாதையில் ஏறி வண்டிப்பெரியாருக்கு வரும். அதனால் கடலே தெரியாத இந்தத் தேயிலை மலையிலும் இறால் போட்டு ஒரு மெக்சிகோ சாலட் செய்துவிடலாம்.

சாலட் என்றதும் வெள்ளரியும் தக்காளியும் வட்டமாக நறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்குவது நினைவுக்கு வருகிறதா? பீர்மேட்டு மழையிலும் குளிரிலும் அதை ஒரு வேளைச் சாப்பாடு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் சொல்வது வயிறு நிறைகிற சாலட். வேகவைத்த ராஜ்மா, மக்காச்சோளம், இறால், பட்டர் ஃப்ரூட், தக்காளி, வெங்காயம், காந்தாரி மிளகாய், மல்லித்தழை, கடைசியாக எலுமிச்சைச் சாறு. நான்கு பேருக்கு ஒரு கப் ராஜ்மா, இரண்டு சோளக்கதிர், உரித்த இறால் 400 கிராம், இரண்டு பட்டர் ஃப்ரூட், மூன்று தக்காளி, ஒரு பெரிய வெங்காயம் போதும். கத்திக்கும் அடுப்புக்கும் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் எலுமிச்சைக்குத்தான் அதிக வேலை. ஆனால் அது மெக்சிகோவின் சொத்தே அல்ல. மக்காச்சோளம், ராஜ்மா, மிளகாய், பட்டர் ஃப்ரூட் எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகுக்கு வந்தவை. தக்காளியின் காட்டு மூதாதை தென்னமெரிக்காவைச் சேர்ந்தது என்றாலும், அதைப் பயிராக வளர்த்துப் பெருக்கியதில் மெக்சிகோவுக்குப் பெரிய பங்கு உண்டு. எலுமிச்சையோ ஆசியாக்காரன். அரபு வணிகர்களோடு மேற்கே போய், ஸ்பானியர்களின் கப்பலில் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. மெக்சிகோ மக்கள் அதை அப்படிப் பிடித்துக்கொண்டதில், நம் ஊர்ச் சின்ன எலுமிச்சைக்கு இன்று உலகச் சந்தையில் மெக்சிகோ எலுமிச்சை என்றே ஒரு பெயர் இருக்கிறது! மிளகாய் எதிர்த்திசையில் வந்தது. 1492இல் கொலம்பஸ் தேடிப் புறப்பட்ட பொருள்களில் நம் மலைகளில் விளையும் மிளகும் ஒன்று. அவர் கண்டுபிடித்ததோ மிளகாய். அடுத்த நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதைக் கேரளக் கரையில் இறக்கினார்கள்.

முதல் வேலை ராஜ்மா. முந்தின இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட வேண்டும். சரியாக வேகாத ராஜ்மாவில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வரவழைக்கும் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்திருந்தாலும் போகாது.

இங்கே பீர்மேட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 915 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போக நம்மை அழுத்துகிற காற்றின் எடை குறையும். அழுத்தம் குறைந்தால் நீர் முன்னதாகவே ஆவியாகக் கிளம்பும். ஆலப்புழையில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், பீர்மேட்டில் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் அதிகமாகும். நீரின் சூடு ஏறாது. மெக்சிகோ நகரம் இன்னும் மோசம். அது 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். அந்த ஊர்ப் பாட்டிகள் மண்பானையில் பயற்றை மணிக்கணக்காக வேகவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம்மிடம் குக்கர் இருக்கிறது. ஆவியை உள்ளேயே அடைத்து அழுத்தத்தைக் கூட்டி, நீரின் சூட்டை 120 டிகிரிக்கு அருகே கொண்டுபோய்விடும்.

குக்கர் விசிலடிக்கும் நேரத்தில் சோளக்கதிரை உரியுங்கள். நுனியில் தொங்கும் பட்டுநூல்களைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நூலைப் பிடித்து அதன் வழியே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு நூலும் ஒரே ஒரு மணியில் போய் முடியும். நூலின் நுனியில் விழுந்த மகரந்தம் அதன் வழியாக இறங்கிப்போனால்தான் அங்கே மணி பிடிக்கும். கதிரில் இடையிடையே பொக்கை விழுந்திருந்தால், அந்த நூலுக்கு மகரந்தம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மெக்சிகோ விவசாயிகள் டியோசின்டே என்ற புல்லிலிருந்து தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பயிரை உருவாக்கத் தொடங்கினார்கள். சோளத்தையும் பயற்றையும் பூசணியையும் ஒரே நிலத்தில் வளர்ப்பது அவர்கள் வழக்கம். அந்த நிலத்துக்கு மில்பா என்று பெயர். பயற்றுக்கொடி சோளத்தண்டில் ஏறும். பயற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும். தட்டிலும் அவை ஒன்றுக்கொன்று துணைதான். சோளப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. பயற்றில் அது நிறைய. இந்த சாலட் வயிற்றை நிரப்புவதோடு உடம்புக்கும் போதுமானதாக இருப்பது இந்த இரண்டாலும்தான்.

இப்போது இறால். பச்சை இறால் சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில், கண்ணாடிபோல் இருக்கும். வெந்தால் செம்மஞ்சள் நிறமாகிவிடும். அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை, முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியை இறாலின் உடலில் ஒரு புரதம் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடியில் இருக்கும்வரை நிறமி நீலமாகத் தெரியும். சூடு பட்டதும் புரதம் குலைந்து பிடியை விட்டுவிடும், உள்ளே இருந்த சிவப்பு வெளிப்படும். பூநாரையின் இறகுச் சிவப்புக்கும் இதே வகை நிறமிகள்தான் காரணம்.

புரதம் குலைவது என்றால் என்ன? அழகாகச் சுற்றிவைத்த நூற்கண்டு பிரிந்து சிக்கலாகிப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புரதமும் தனக்கே உரிய விதத்தில் மடிந்து சுருண்டிருக்கும் ஒரு நீளச் சங்கிலி. சூடு அந்த மடிப்புகளைப் பிரித்துவிடும். பிரிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது சதை வெள்ளையாகி இறுகும். இறாலுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். அதற்குமேல் விட்டால் நீரெல்லாம் பிழியப்பட்டு ரப்பராகிவிடும்.

இந்த மடிப்பைச் சூடுதான் பிரிக்க வேண்டும் என்றில்லை, புளிப்பும் பிரிக்கும். மெக்சிகோவின் மேற்குக் கரையில் சினலோவா என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே பச்சை இறாலை எலுமிச்சைச் சாறும் அரைத்த மிளகாயும் கலந்து ஊறவைத்து அகுவாசிலே என்ற பண்டம் செய்கிறார்கள். அடுப்பே கிடையாது! சாறு பட்ட இறால் மெல்ல வெளுத்து, இறுகி, இளஞ்சிவப்பும் ஆகும். பார்த்தால் வெந்தது போலவே இருக்கும்.

பார்வைக்குத்தான் அப்படி. எலுமிச்சையால் முடியாதது இதுதான். சூடு இறாலின் புரதத்தைக் குலைக்கும்போது, அதிலிருக்கும் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் சேர்த்தே கொல்கிறது. எலுமிச்சையின் புளிப்பு சதையின் நிறத்தை மாற்றிவிடும், ஆனால் எல்லாக் கிருமிகளையும் கொல்லும் என்று நம்ப முடியாது. படகிலிருந்து இறக்கிய கையோடு சாப்பிடுகிறவர்களே இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் மலையேறி வந்த இறாலை நாம் கட்டாயம் வேகவைக்க வேண்டும்.

மீன் வாடை விஷயத்திலும் எலுமிச்சை இப்படித்தான் பாதி வேலை செய்யும். கடல்வாழ் உயிர்களின் உடலில் வாடையே இல்லாத ஒரு பொருள் உண்டு. உப்பு நீரைத் தாக்குப்பிடிக்க அது அவற்றுக்கு உதவுகிறது. இறந்தபின் பாக்டீரியா அதை டிரைமெத்தில் அமைன் என்ற வாயுவாக மாற்றும்போதுதான் மீன் வாடை எழுகிறது. ஐஸ் அந்தப் பாக்டீரியாவை மந்தப்படுத்தும். எலுமிச்சைச் சாறு அந்த வாயுவோடு சேர்ந்து அதைப் பறக்காத உப்பாக்கிவிடும். பறக்காததை மூக்கு எப்படி அறியும்? அதனால் வாங்கும்போதே முகர்ந்து பாருங்கள். சாறு பிழிந்த பிறகு முகர்ந்து பயனில்லை. வாடை போய்விட்டது என்பதற்காகக் கெட்ட மீன் நல்ல மீனாகிவிடாது.

அடுத்து எனக்கு மிகவும் பிடித்த கட்டம், பட்டர் ஃப்ரூட். இடுக்கியில் வீட்டுத் தோட்டங்களில் இந்த மரத்தைப் பார்க்கலாம். இதன் காய் மரத்தில் இருக்கும்வரை பழுக்காது. பறித்த பிறகுதான் பழுக்கத் தொடங்கும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பழுக்கும்போது காய் எத்திலீன் என்ற வாயுவை விடும். அதை அடைத்து வைத்தால் பழுப்பது விரைவாகும். பக்கத்தில் ஒரு வாழைப்பழத்தையும் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

பழத்தை வெட்டி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பச்சை மங்கிப் பழுப்பேறும். இது ஏன் என்று பீர்மேட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் ஊர்த் தேயிலை ஃபாக்டரிகளில் நாள் முழுக்க நடப்பதும் இதேதான்.

கொழுந்து பறிக்கும்போது பச்சையாக இருக்கிறது. பாக்கெட்டில் வரும்போது கறுப்பாக இருக்கிறது. யாரும் சாயம் போடுவதில்லை. இலையின் செல்லுக்குள் பாலிபீனால் என்ற பொருள்கள் ஓர் அறையிலும், பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கொழுந்தை வாட்டி, இயந்திரத்தில் நசுக்கும்போது அறைச் சுவர்கள் உடைகின்றன. நொதியும் பாலிபீனாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சந்தித்ததும் இலை செம்பு நிறமாகி, பிறகு பழுப்பாகும். தேநீரின் பொன்சிவப்பும் துவர்ப்பும் மணமும் இப்படித்தான் பிறக்கின்றன. தேவையான அளவு ஆனதும் வெப்பக்காற்றை அடித்து நிறுத்திவிடுவார்கள். நொதியும் ஒரு புரதம்தானே, சூடு பட்டால் அதன் மடிப்பும் குலைந்துவிடும். பச்சைத் தேநீருக்கு வழி வேறு. கொழுந்தை நசுக்குவதற்கு முன்பே சூடுபடுத்தி நொதியை முடக்கிவிடுவார்கள். அதனால் அது பச்சையாகவே நிற்கும்.

பட்டர் ஃப்ரூட்டின் மேல் கத்தி பட்டதும் உடைவதும் அதே மாதிரி அறைகள், வேலை செய்வதும் அதே வகை நொதி. ஃபாக்டரிக்காரர்கள் விரும்பி வரவேற்பதை நாம் சாலட்டில் தடுக்கப் பார்க்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். சமையலறையில் காவலுக்கு எலுமிச்சை வருகிறது. அதன் புளிப்பில் நொதியால் ஒழுங்காக வேலை செய்ய முடியாது. அதிலுள்ள வைட்டமின் சி பழுப்பாகப் போகும் பொருளைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும். வைட்டமின் சி தீர்ந்ததும் பழுப்பு மெல்லத் தலைகாட்டும். ஆகவே பழத்தைக் கடைசியில் வெட்டுங்கள். கொட்டையைக் கிண்ணத்தின் நடுவில் வைத்தால் பழம் கறுக்காது என்று சிலர் சொல்வார்கள். கொட்டை தொட்டுக்கொண்டிருக்கும் இடம் மட்டும் பச்சையாக இருக்கும், ஏனென்றால் அங்கே காற்று படாது. மூடி போட்டாலும் அதே பலன்தான்.

காந்தாரியைப் பார்த்துப் போடுங்கள். மிளகாயிலுள்ள கேப்சைசின் உண்மையில் நாக்கைச் சுடுவதில்லை. சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்தும் ஒரு நரம்புக் கதவு நம்மிடம் இருக்கிறது. சூடே இல்லாமல் அந்தக் கதவைத் திறந்துவிடும் கள்ளச்சாவி கேப்சைசின். இந்தக் கதவை 1997இல் அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளின் கதவுக்கு இந்தச் சாவி பொருந்தாது. அதனால்தான் அவை மிளகாய்ப் பழத்தை நிம்மதியாகத் தின்றுவிட்டு, விதையை வேலியோரமெல்லாம் போட்டுவிட்டுப் போகின்றன. காரம் ஏறினால் தண்ணீரைத் தேடி ஓடாதீர்கள், கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கொழுப்பு நிறைந்த பட்டர் ஃப்ரூட் கிண்ணத்திலேயே இருக்கிறது, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஆறியதும் கலந்து, பரிமாறும் நேரத்தில் உப்புப் போடுங்கள். முன்னாலேயே போட்டால் தக்காளியிலிருந்தும் வெங்காயத்திலிருந்தும் நீரை இழுத்துக் கிண்ணத்தைக் குளமாக்கிவிடும். மேலே நொறுக்கிப் போட மெக்சிகோவில் சோள அப்பளம் மாதிரி டோஸ்டாடா வைத்திருப்பார்கள். நமக்கு மரவள்ளி சிப்ஸ் அதைவிட நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

சாலட் செய்யும் நாளில் ஒரு பரிசோதனையும் செய்துவிடலாம். பட்டர் ஃப்ரூட்டில் நான்கு மெல்லிய துண்டுகளைத் தனியே எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றைத் தண்ணீரில் நனையுங்கள். ஒன்றின் மேல் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். நான்காவதைப் பெரியவர் ஒருவர் துணையோடு ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுங்கள். வீட்டருகே தேயிலை இருந்தால் இரண்டு கொழுந்துகளை உள்ளங்கையில் கசக்கி, ஒன்றில் மட்டும் சாறு பிழிந்து பக்கத்தில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஆறையும் வரிசையாகப் பாருங்கள். நான்காவது துண்டின் நிறம் என்னவாகும் என்று, அதைக் கொதிநீரில் போடுவதற்கு முன்பே நோட்டில் எழுதிவிட வேண்டும். ஊகிக்க முடியாவிட்டால் பச்சைத் தேநீர் செய்யும் முறையை மேலே போய் ஒருமுறை படித்துக்கொள்ளலாம், அது காப்பியடித்ததாகாது.