பழைய ஜிப்சிக்குப் புது வலு

1985-இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த மாருதி ஜிப்சியைக் காட்டுப்பாதைக்காகப் புதுப்பிக்க நினைப்பவர்களின் கண் முதலில் எஞ்சின்மீதுதான் விழுகிறது. பணம் முதலில் போக வேண்டிய இடமோ அடிப்பகுதி. துருவேறிய சேஸிஸ், தேய்ந்த பிரேக், தொய்ந்த லீஃப் ஸ்பிரிங் ஆகியவற்றைச் சீராக்காமல் எஞ்சின் வலுவை மட்டும் கூட்டினால், நலிந்த பாகம்தான் முதலில் உடையும்.

சிறிய எஞ்சின் மேடேறுமா என்று கேட்கலாம். ஏறும். பாறைமேல் தேவை வேகமல்ல, சக்கரத்தின் இழுவிசை; நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்ந்த கியர் அதைப் பெருக்கித் தருகிறது. மணலில் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு விரிந்து பிடிப்பு கூடும். வண்டியை உயர்த்தினால் போதாதா என்பார்கள். உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் ஏறும். சரிவில் கவிழும் ஆபத்து வளரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. அடித்தளம் உறுதியானால்தான் பழைய வண்டி மலையை நம்பிக்கையோடு தொடும்.