அமெரிக்காவில் மேற்படிப்புக்கு அரசுக் கடன்: இனி ஒரு வரம்பு உண்டு

“அமெரிக்காவில் மேற்படிப்புக்கு அந்த ஊர் அரசாங்கமே கடன் கொடுக்குமாமே?” பிள்ளையை எம்.எஸ். அனுப்ப நினைக்கும் பெற்றோர் பலர் கேட்பது இது. கொடுக்கும்தான். ஆனால் எஃப்-1 விசாவில் போகும் பிள்ளைக்குக் கிடையாது. குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், சட்டம் ஏற்கும் வேறு சில பிரிவினர் ஆகியோருக்கு மட்டுமே அந்தக் கடன். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் இங்குள்ள வங்கியையோ தனியார் நிறுவனத்தையோதான் நாட வேண்டும். எனவே இது அங்கே பிறந்து வளர்ந்த அல்லது நிரந்தர வசிப்புரிமை பெற்ற உங்கள் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கான செய்தி. அவர்களுக்கான விதிகள் 2026 ஜூலை 1-ஆம் தேதியை எல்லைக்கோடாக வைத்து மாற்றப்பட்டிருக்கின்றன.

பழைய ஏற்பாட்டில் இரண்டு கடன்கள் இருந்தன. முதலாவது நேரடிக் கடன். ஆண்டுக்கு 20,500 டாலர் வரை. இளநிலை மாணவரில் வசதி குறைந்தவருக்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்பதுபோல் மேற்படிப்பு மாணவருக்கும் ஒரு காலத்தில் ஏற்றது. அந்தச் சலுகை 2012 ஜூலையோடு போய்விட்டது. இரண்டாவது, 2006-இல் வந்த ‘கிராட் பிளஸ்’. விடுதி, சாப்பாடு, புத்தகம் உட்பட ஆண்டுக்கு இவ்வளவு செலவாகும் என்று கல்லூரி ஒரு தொகை சொல்லும். மற்ற உதவிகள் போக மீதி முழுவதையும் இந்தக் கடனாக எடுக்கலாம். கடன் வரலாற்றில் பெரிய கறை இல்லாவிட்டால் போதும். உச்ச வரம்பு என்று எதுவும் இல்லை.

விலையை விற்பவர் சொல்ல, அதைக் கடனாக அரசு நீட்ட, அடைப்பது மாணவர். இப்படி ஓர் ஏற்பாட்டில் கட்டணம் எப்படி இறங்கும்? அரசு உதவி கூடக்கூடக் கல்லூரிகள் கட்டணத்தை ஏற்றுகின்றன என்று அன்றைய கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட் 1987-லேயே எழுதினார். பொருளியலாளர்கள் அதைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் டெக்சாஸ் மாநில மாணவர் தரவை வைத்து 2023-இல் வந்த ஆய்வு ஒன்று, கிராட் பிளஸ் வந்தபின் கட்டணம் ஏறியது, படிக்க வருவோர் எண்ணிக்கை ஏறவில்லை என்றே கண்டது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிராட் பிளஸை மூடிவிட்டது. முதுநிலை, முனைவர் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1 லட்சம். மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம். இளநிலையில் வாங்கியதையும் சேர்த்து ஒருவர் ஆயுளுக்கு 2,57,500 டாலர். ஏற்கெனவே ஒரு படிப்பில் சேர்ந்து கடனும் பெற்றவர்கள், அந்தப் படிப்பின் மீதிக் காலம் அல்லது மூன்றாண்டு, இதில் எது குறைவோ அதுவரை பழைய விதியிலேயே தொடரலாம்.

வரம்பு வந்தது சரி என்பதே என் கட்சி. தொழிற்படிப்பு எது என்று வகுத்ததில்தான் கோளாறு. 2025 நவம்பரில் கல்வித் துறையின் விதிக்குழு ஒப்புக்கொண்ட பட்டியலில் மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், மருந்தியல், சட்டம் ஆகியவற்றோடு இறையியலும் இருந்தது. செவிலியர் மேற்படிப்பு இல்லை. செவிலியர் சங்கங்கள் கொதித்ததில் வியப்பில்லை. இன்னொரு பக்கம், தனியார் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் நான்காண்டுச் செலவு 3 லட்சம் டாலரைத் தாண்டும். அங்கே துண்டு விழும் தொகைக்குத் தனியார் கடன்தான் வழி. அதற்குப் பெரும்பாலும் இணைக் கையெழுத்து கேட்பார்கள். அரசுக் கடனின் சலுகைகள் எதுவும் அதில் இராது.

வட்டிக்கு வருவோம். பத்தாண்டு அரசுக் கடன்பத்திர வட்டியோடு 3.6 சதவீதம் சேர்த்து ஆண்டுதோறும் விகிதம் அறிவிப்பார்கள். வாங்கிய கடனுக்கு அது கடைசிவரை மாறாது. 2025-26-இல் 7.94 சதவீதம். பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். படிப்பு முடிந்து ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். அந்த ஆறு மாதமும் வட்டி ஓடும். இரண்டாண்டுப் படிப்புக்கு இந்த விகிதத்தில் 41,000 டாலர் வாங்கியவருக்கு, முதல் தவணை வருவதற்குள் வட்டி மட்டும் சுமார் 5,000 டாலர் சேர்ந்திருக்கும்.

புதுக் கடனை அடைக்க இரண்டே வழி. ஒன்று, தொகையைப் பொறுத்து 10 முதல் 25 ஆண்டு வரை மாறாத தவணை. மற்றது, வருமானத்தைப் பார்த்து வசூலிக்கும் ‘ராப்’ திட்டம். ஆண்டு வருமானம் 10,000 டாலரைத் தாண்டினால் 1 சதவீதம். பிறகு ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் ஒரு சதவீதம் ஏறி, 1 லட்சத்துக்கு மேல் 10 சதவீதம். மாதம் குறைந்தது 10 டாலர் கட்டியாக வேண்டும். பிள்ளை ஒன்றுக்கு மாதம் 50 டாலர் தள்ளுபடி. கட்டும் தவணை வட்டிக்குப் போதாவிட்டால் மீதி வட்டியை அரசு விட்டுவிடும். கடன் குட்டி போடாது. முப்பது ஆண்டு கட்டியபின் நிலுவை தள்ளுபடி. ஒரு விநோதம்: சதவீதம் வருமானம் முழுவதற்கும் விழுவதால், 70,000 டாலர் சம்பாதிப்பவர் ஆண்டுக்கு 4,200 கட்டுவார், ஒரே ஒரு டாலர் கூடினால் 4,900. சம்பள உயர்வு வரும்போது இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அரசு வேலையிலோ லாப நோக்கில்லாத நிறுவனத்திலோ முழுநேரம் இருப்பவர்களுக்கு 120 தவணை கட்டியபின் மீதி தள்ளுபடியாகும் திட்டம் 2007 முதல் உண்டு. ராப் வழியே கட்டும் தவணையும் அதில் சேரும்.

இந்தக் கடனுக்கும், அரசின் கல்வி நிதியுதவி கேட்க நிரப்பும் வழக்கமான ‘ஃபாஃப்சா’ படிவமேதான். மேற்படிப்பு மாணவரைத் தனிநபராகவே கருதுவதால் பெற்றோர் வருமானம் கேட்க மாட்டார்கள். சேர்க்கைக் கடிதத்துக்குச் சம்மதம் சொல்லும் முன், கல்லூரி நிதி உதவி அலுவலகத்தில் இரண்டைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: இந்தப் பட்டம் எந்த வரம்பில் வருகிறது? வரம்புக்கு மேலான தொகையில் கல்லூரி எவ்வளவு ஏற்கும்?