மலை ஏறலாம் வாங்க!

"டிரெக்கிங்கா? திருத்தணிக்கு நடந்து போறோமே, அது போதாதா?" போன கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு அக்கா இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். கேட்டது நியாயம்தான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு நடப்பவர்கள், திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் சுற்றுபவர்கள் நம் குழுக்களில் நிறைய பேர். நடை நமக்குப் புதிதில்லை. வேண்டுதல் எதுவும் இல்லாமல், உடம்புக்காகவும் சந்தோஷத்துக்காகவும் காசு கட்டிக் காட்டுக்குள் நடப்பதுதான் புதிது.

சென்னையில் இந்தப் பழக்கம் 2000-க்குப் பிறகு பெருகியது. ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் சனி, ஞாயிறானால் நாகலாபுரம் மலைக்குக் கிளம்பினார்கள். பிறகு வந்தது குரங்கணி. மகளிர் தினத்தை ஒட்டி தேனி மாவட்ட மலைக்குப் போனவர்கள் 2018 மார்ச் 11 அன்று காட்டுத் தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அதில் பலர் பெண்கள். கோடையில் புல் காய்ந்து கிடக்கும். காற்றும் சேர்ந்தால் தீ மேட்டை நோக்கி மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும். "அனுப்ப மாட்டேன்" என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

அந்த ஆண்டே அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 வழிகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டியாக வருவார்கள். அவர்களுக்கும் அது ஒரு பிழைப்பு. 2025-ல் தீக்காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து இரண்டு மாதம் நிறுத்தியும் வைத்தார்கள்.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஒரு வழி உண்டு. பூண்டி ஏரிக்கு அப்பால் இருக்கும் குடியம் குகை. அம்பத்தூர், ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் திருவள்ளூர் போய், அங்கிருந்து வேன் பிடிக்கலாம். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-லேயே கல் கோடரிகளைக் கண்டெடுத்தார். அவை 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று சாந்தி பப்பு என்ற பெண் ஆய்வாளரின் குழு 2011-ல் சொன்னது. பூண்டி அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட கற்கருவிகளைப் பார்க்கலாம்.

நாங்கள் பதினோரு பேர் மார்கழியில் போனோம். சேமிப்பில் கை வைக்கவில்லை. வாரம் 20 ரூபாய் தனியே எடுத்து வைத்தோம். வழியெல்லாம் கூழாங்கல். ரப்பர் செருப்போடு வந்த ஒருத்தி இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். சர்க்கரை இருக்கிறவர்கள் வெறும் வயிற்றில் நடக்காதீங்க. பி.பி., முட்டிவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகு பெயர் கொடுங்க. ஒரு மாதம் முன்பே தினமும் அரை மணி நேரம் தெருவில் நடந்து பழகுவது நல்லது. குகைப் பாறையில் தேன்கூடு இருக்கும். சத்தம் போடக் கூடாது. அதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது!

அடுத்த முறை வர விரும்புவோர் மாதக் கூட்டத்துக்கு முன் உங்கள் ஊக்குநரிடம் சொல்லிவிடுங்கள். ஷூ இல்லாதவர்களும் அப்போதே சொல்லுங்க, மொத்தமாக வாங்கினால் விலை குறையும்.